துவையலும் ஷாபு ஷாபுவும்

வாழவந்தியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இரண்டு கற்கள். ஒன்றில் துணி துவைப்போம்; அம்மியில் துவையல் அரைப்போம். இரண்டுக்கும் வினை ஒன்றே. துவை என்றால் மிதி, அடி, நசுக்கு. சலவைக்கும் சமையலுக்கும் தமிழ் ஒரே சொல்லைக் கொடுத்திருக்கிறது. புறநானூற்றின் 14ஆம் பாடலிலேயே 'ஊன்துவை' வருகிறது. இறைச்சியோடு அன்றே சேர்ந்த சொல் அது.

இந்தச் சேர்க்கை நமக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானின் இறைச்சிப் பண்டமான ஷாபு ஷாபுவும் துணி அலசியதில் பிறந்த பெயர்தான். கொம்பு என்னும் கடற்பாசி ஊறிய வெந்நீர் மேசை நடுவே கொதிக்கும். தாள்போல் சீவிய மாட்டிறைச்சித் துண்டைக் குச்சியால் பிடித்து, நீரில் இரண்டு மூன்று முறை ஆட்டி, சிவப்பு மங்கியதும் எடுத்து, எள் சாற்றிலோ புளிப்புச் சாற்றிலோ தோய்த்துத் தின்பார்கள்.

1952இல் ஒசாகாவின் சுவேஹிரோ உணவகம் இதற்குப் பெயர் வைத்தது. விருந்தினர் கை துடைக்கும் ஈரத்துண்டுகளை ஊழியர் ஒருவர் தொட்டித் தண்ணீரில் அலசிய ஓசை, இறைச்சியை நீரில் ஆட்டும் ஓசையைப் போலவே உரிமையாளர் காதில் விழுந்ததாம். 1955இல் 'இறைச்சி ஷாபு ஷாபு' என்று வணிகக் குறியாகவும் பதிந்துகொண்டார்கள். இதற்கு முன்னோடியான பெய்ஜிங் ஆட்டிறைச்சிப் பண்டத்தின் பெயரில் உள்ள 'ஷுவான்' என்ற சீன வினைக்கும் அலசுதல் என்றே பொருள். சீனர் செயலைப் பெயராக்கினார்கள். ஜப்பானியர் அதன் ஓசையைப் பெயராக்கினார்கள். அந்தக் காதின் நுட்பம் எனக்கு மிகவும் பிடிக்கும். அதே ஜப்பானிய மொழியில் தண்ணீர் தெறிக்கத் துணி துவைத்தால் 'ஜாபு ஜாபு'. ஒலி தடித்தால் செயலும் முரடாகிறது.

இப்படி இரட்டித்து வரும் ஓசைச்சொல் தமிழ் இலக்கணத்தில் இரட்டைக்கிளவி. பிரித்தால் பொருள் போய்விடும் என்பது தொல்காப்பியர் விதி. 'ஷாபு' என்று ஒன்றை மட்டும் சொன்னால் அந்தப் பண்டமும் காணாமல் போகும். நாம் கிலுகிலுப்பைக்கும் குடுகுடுப்பைக்கும் ஓசையால் பெயர் வைத்தோம். அடுப்படியில் மட்டும் பொரியல், வறுவல், அவியல் என்று செயலையே பெயராக்கினோம்.

ஆனாலும் காது சும்மா இருப்பதில்லை. வறுத்த கொள்ளை மிளகாய், பூண்டு, உப்போடு அம்மியில் வைத்துக் குழவியை இழுத்தால் முதலில் நறநறவென்று கேட்கும். தண்ணீர் தெளிக்கத் தெளிக்க ஓசை மெலியும். முழுதும் அடங்குமுன் அம்மா வழித்துவிடுவாள். கொள்ளுத் துவையல் கொஞ்சம் கொரகொரப்பாக இருக்க வேண்டும்.