பார்வைக்குத் தப்பும் ஆபத்து: ஒட்சிசன் முகமூடியின் நூறாண்டு

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என நீளும் அம்பாறைக் கரையோர ஊர்களில், முட்டு வருத்தம் முற்றிய ஒருவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் முகத்தில் முதலில் ஏறுவது ஒட்சிசன் முகமூடி. மாஸ்க் போட்டாயிற்று என்றதும் உறவினருக்குப் பாதிக் கவலை தீர்ந்துவிடுகிறது. இக்கருவியின் வரலாறு அந்த நிம்மதிக்கு இடந்தருவதாக இல்லை. ஒவ்வொரு தீங்கு தெரியவந்தபோதும் முகமூடியின் வடிவம் மாறியது. ஆபத்தோ கண்ணுக்கு எட்டாத வேறோர் இடத்துக்கு நகர்ந்தது. ஆகவே முகமூடியின் பாதுகாப்பு, அது எவ்வளவு புதியது என்பதைவிட, போட்டபின் நோயாளி எவ்வாறு கவனிக்கப்படுகிறார் என்பதிலேயே அதிகம் தங்கியிருக்கிறது என்பது என் வாதம்.

முதலாம் உலகப் போரில் நச்சுவாயு தாக்கிய படையினருக்கு முகமூடி வழியாக ஒட்சிசன் கொடுக்கும் முறையை ஜோன் ஸ்கொட் ஹால்டேன் 1917 இல் விளக்கினார். 1938 இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பூத்பி, லவ்லேஸ், புல்புலியன் மூவரும் விமானிகளுக்கும் நோயாளிகளுக்கும் பொருந்தும் முகமூடியை ஆக்கினர். அக்காலத்துக் கவலை ஒன்றுதான்: போதிய ஒட்சிசன் உள்ளே போகிறதா? அளவு மிஞ்சினால் என்னாகும் என்ற கேள்வி பிந்தியே வலுத்தது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிக்கு ஒட்சிசனை அள்ளிக் கொடுத்தால் அவருடைய இரத்தத்தில் காபனீரொட்சைட்டு தேங்கக்கூடும். அவர் அமைதியாக உறங்குவதுபோல் மயங்கிப்போகலாம். (ஒட்சிசன் ஏறிய குருதி காபனீரொட்சைட்டைச் சுமக்கும் திறன் குறைவதை 1914 இல் சகாக்களோடு விவரித்தவரும் அதே ஹால்டேன்தான் என்பது விசித்திரம்.) லண்டன் ஹமர்ஸ்மித் வைத்தியசாலையில் பணியாற்றிய மொரான் கெம்பல் 1960 இல் வெளியிட்ட வென்சூரி முகமூடி இந்தத் தேக்கத்துக்கான விடை. வெளிக்காற்றைக் கணக்காகக் கலந்து ஒட்சிசனை 24 அல்லது 28 சதவீதம் என்று அளந்து தரும் கருவி அது. ஆனால் விடை கிடைத்து 50 ஆண்டுகள் ஆனபின்னும் பழக்கம் மாறியிருக்கவில்லை. 2010 இல் தஸ்மேனியாவின் அம்புலன்ஸ்களில் நடந்த ஆய்வொன்று வெளியானது. நாட்பட்ட அடைப்பு நோய் உறுதிப்பட்டவர்களுள், முகமூடியில் தாராளமாக ஒட்சிசன் பெற்றோரில் 9 சதவீதத்தினர் இறந்தனர். குருதியின் ஒட்சிசன் செறிவு 88 முதல் 92 சதவீதத்துக்குள் நிற்கும்படி அளந்து பெற்றோரில் 2 சதவீதத்தினரே இறந்தனர். சாதாரண முகமூடியில் மறுபக்க ஆபத்தும் உண்டு. நிமிடத்துக்கு 5 லீற்றருக்குக் கீழே ஓட்டத்தைக் குறைத்தால், வெளிவிட்ட மூச்சையே நோயாளி திரும்ப இழுப்பார். இரண்டு தவற்றிலும் முகமூடி வெளியே ஒரே மாதிரிதான் தெரியும்.

உள்ளே வரும் வாயு எதுவென்பதையும் முகமூடி காட்டாது. 2011 இல் நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கு வந்த பெண்ணுக்கு ஒட்சிசனுக்குப் பதிலாக நைத்திரசு ஒட்சைட்டு போயிற்று; நினைவு திரும்பாமலே மறு ஆண்டு இறந்தார். தவறு நடந்தது குழாய்க்கு அப்பால்.

நவீன இயந்திரங்கள் எச்சரிக்கை ஒலி எழுப்புமே, பிறகென்ன அச்சம் என்று கேட்கலாம். வாந்தியை எந்த ஒலியும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நியூயோர்க்கில் 44,016 மகப்பேறுகளை ஆராய்ந்த மெண்டல்சன், மயக்க மருந்தின்போது இரைப்பைப் பொருள் நுரையீரலுக்குள் இறங்கிய 66 பேரை 1946 இல் பதிவுசெய்தார். அழுத்தத்தோடு காற்றுச் செலுத்தும் இன்றைய இறுக்கமான முகமூடியிலும் அந்த ஆபத்து அப்படியே இருக்கிறது. வசதிக்காகச் செய்த மாற்றமும் தீங்கு தந்திருக்கிறது. முகமூடியின் வாரை எளிதில் மாட்டவென்று பிலிப்ஸ் நிறுவனம் வைத்த காந்தக் கொக்கிகள் இதய முடுக்கி போன்ற உட்பொருத்திகளைக் குழப்பக்கூடும் என 2022 இல் எச்சரிக்கை வந்தது. அடுத்த ஆண்டு ரெஸ்மெட் நிறுவனத்தின் முகமூடிகளுக்கும் அதே நிலை. இனி முகத்துக்கு வருவோம். பிரான்சில் 1,502 பேரை ஆராய்ந்த லாங்கெரோன் குழு 2000 இல் வெளியிட்ட கட்டுரைப்படி, தாடி, பல்லின்மை, 55 ஐத் தாண்டிய வயது, குறட்டை, மிகை எடை ஆகிய ஐந்தும் முகமூடியால் காற்றூட்டுவதைக் கடினமாக்குகின்றன. தாடி வைத்த, பல் விழுந்த பெரியவர்கள் எங்கள் கரையோரத்தில் அபூர்வமல்லர். காற்றுக் கசிகிறது என்று வாரை இறுக்க இறுக்க மூக்குத்தண்டில் புண் விழுகிறது. தாடியைக் கத்தரிப்பதா என்பதைக் குடும்பத்தோடு மரியாதையாகப் பேசித் தீர்க்கவேண்டியதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

ஒட்சிசனே கிடைக்காத நாட்டில் மிகையைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம் என்பது கனமான ஆட்சேபம். 2021 ஓகஸ்டில் இந்தியக் கடற்படையின் சக்தி கப்பல் 100 தொன் திரவ ஒட்சிசனைக் கொழும்புக்குக் கொண்டுவர நேர்ந்ததை மறக்க முடியாது. மூச்சுத் திணறுபவருக்கு ஒட்சிசனைத் தயங்கிக் கொடுப்பதும் கொலைக்குச் சமம். ஆனால் அளந்து கொடுப்பது என்றால் மறுப்பது அல்ல. விரலில் மாட்டும் ஒக்சிமீட்டரைப் பார்த்துக் குறைக்கவேண்டியவருக்குக் குறைத்தால், மிஞ்சும் ஒட்சிசன் அடுத்த கட்டிலுக்குப் போகும். தட்டுப்பாட்டுக் காலத்தில்தான் இந்தக் கணக்கு இன்னும் அவசியம். தாதியர் தொகை போதாது என்பதும் நியாயமான மறுப்பே. எனினும் எல்லாப் பார்வைக்கும் பயிற்சி பெற்றவர் தேவையில்லை. முகமூடியில் தொங்கும் ஒட்சிசன் சேமிப்புப் பை சுருங்கிக் கிடக்கிறதா, நோயாளி வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிகிறாரா என்பதை, எதைப் பார்க்கவேண்டும் என்று தமிழில் சொல்லிக்கொடுத்தால் துணைக்கு நிற்பவரும் கவனித்துத் தாதியை அழைக்கலாம். இறுக்கமான முகமூடியைத் தாமே கழற்றிக் கஞ்சி பருக்கிவிட்டு உடனே மாட்டக்கூடாது, ஒட்சிசன் திருகைத் தொடக்கூடாது என்பதையும் அவரிடம் அப்போதே சொல்லவேண்டும். குறிவைக்கும் செறிவைக் கட்டில் குறிப்பேட்டில் எழுதுவது மட்டும் வைத்தியரின் வேலை. அதைத் துணையாளிடம் விடமுடியாது.