ஈளை நோயும் ஓயாத கல்வியும்

மருத்துவம் அறிந்தவரென்று அறியப்படாத ஒருவர் சிகிச்சையில் இறங்கினால், விளையும் கேட்டுக்கு அவரே பொறுப்பாளி என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூத், நஸயீ, இப்னுமாஜா ஆகிய தொகுப்புகளில் உள்ளது. மருத்துவரின் ‘ளமான்’ எனும் பொறுப்பைச் சட்ட அறிஞர்கள் இதன் அடிப்படையில் விவரித்தனர். ஆனால் ஒருமுறை கற்றுத் தேர்ந்தவர் அதன்பின் கல்லாமலே இருந்துவிட்டால்? இவ்வினாவுக்கு நம் மருத்துவ வரலாறும், குறிப்பாக ஈளை எனப்படும் ஆஸ்துமாவின் வரலாறும் விடை தருகின்றன.

ஹிஜ்ரி 319இல் (கி.பி. 931) பக்தாதில் ஒரு மருத்துவரின் பிழையால் நோயாளி ஒருவர் இறந்தார். செய்தி கலீபா அல்முக்ததிரை எட்டியது. ஸினான் இப்னு ஸாபித் தேர்வு செய்து அனுமதித்தவரன்றி எவரும் மருத்துவம் பார்க்கலாகாது என அவர் ஆணையிட்டார். தேர்வுக்கு உள்ளானோர் எண்ணூற்று அறுபதுக்கும் மேற்பட்டவர் என்று இப்னு அபீ உஸைபிஆ எழுதுகிறார். சரிவர எழுதப் படிக்கத் தெரியாத முதியவர் ஒருவரும் ஸினானிடம் வந்தார். தாம் அறியாத நோயில் கைவைப்பதில்லை என்னும் நிபந்தனையின்பேரில் அவருக்கு அனுமதி கிடைத்தது. ஒருவர் தம் அறிவின் எல்லையை உணர்ந்திருப்பதும் தகுதியின் ஒரு பகுதியே என்பதை இது காட்டுகிறது.

தேர்வு ஒருநாள் நிகழ்ச்சி; கல்வியோ அன்றாடப் பழக்கம். அப்பழக்கத்துக்குச் சான்று அபூபக்ர் அர்ராஸீ (865–925). அவருடைய சபையில் மாணவர்கள் வரிசை வரிசையாக அமர்வார்கள். வரும் நோயாளியை முதலில் புறவரிசையினர் ஆராய்வர். அவர்களால் இயலாதபோது அடுத்த வரிசையினர். அவர்களும் தயங்கினால் அர்ராஸீ பேசுவார். இதை இப்னுந் நதீம் பதிவு செய்துள்ளார். அர்ராஸீயின் மறைவுக்குப்பின் தொகுக்கப்பட்ட ‘அல்ஹாவீ’யில், முன்னோர் கூற்றுகளை அடுத்து ‘லீ’ (என்னுடையது) என்ற குறியுடன் அவருடைய சொந்தக் கருத்துகள் வருகின்றன. ஜாலீனூஸைப் பெரிதும் மதித்த அவரே, அப்பேரறிஞரின் கருத்துகள்மீது ஐயங்களை எழுப்பித் தனிநூலும் எழுதினார்.

வசந்தத்தில் ரோஜாவை முகரும்போது அபூஸைத் அல்பல்கீக்கு நீர்க்கோப்பு உண்டாவது ஏன் என்பது குறித்து அர்ராஸீ ஒரு சிறுநூல் இயற்றினார். ஒவ்வாமையையே அவர் கண்டுபிடித்துவிட்டார் என்று மேடைகளில் முழங்குவது சரியன்று. அவருடைய விளக்கம் அக்கால மருத்துவக் கோட்பாட்டைச் சார்ந்தது. பருவத்துக்கும் மலருக்கும் மூக்குக்கும் உள்ள தொடர்பைக் கூர்ந்து நோக்கியதே அவருடைய சிறப்பு. 1819இல் ஜான் பொஸ்டொக் இப்பருவ நோயை விவரித்தார். மகரந்தமே காரணம் என்பதற்கான சோதனைகளை சார்லஸ் பிளாக்லி 1873இல் வெளியிட்டார். ‘அலர்ஜி’ என்ற சொல் 1906இல்தான் வான் பிர்க்கே என்பவரால் ஆக்கப்பட்டது.

எகிப்தில் ஐயூபிகள் காலத்தில் வாழ்ந்த யூத அறிஞர் மூஸா இப்னு மைமூன் (மறைவு 1204), ஈளை நோயாளி ஒருவருக்காக ‘மகாலா ஃபிர் ரப்வ்’ என்னும் நூலை அரபியில் எழுதினார். உணவு, உறக்கம், மனநிலை, நகரக் காற்றின் கேடு ஆகியவற்றைப் பேசும் அந்நூல், தேர்ந்த மருத்துவர்கள் கூடிக் கொடுத்த மருந்தால் மராகிஷில் ஓர் ஆட்சியாளர் இறந்த செய்தியையும் எச்சரிக்கையாகக் கூறுகிறது.

அந்த எச்சரிக்கை இன்றும் பழையதாகிவிடவில்லை. மூச்சுக்குழலை விரைவில் விரிக்கும் மருந்தை மட்டும் கொடுப்பது பல்லாண்டுகளாக வழக்கில் இருந்தது. அது திணறலைத் தணிக்கும். உள்ளிருக்கும் அழற்சியை ஆற்றாது. எனவே, வயது வந்தோருக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் அதனை மட்டும் தனித்துக் கொடுக்கும் முறையை, ‘ஜினா’ எனப்படும் உலகளாவிய ஆஸ்துமா அமைப்பு 2019இல் கைவிட்டது. உறிஞ்சும் ஸ்டீராய்டும் சேர வேண்டும் என்றது. அதற்குமுன் பட்டம் பெற்று, பின்னர் ஏதும் படிக்காத மருத்துவர், தாம் கற்றதைப் பிழையின்றிச் செய்துகொண்டே நோயாளியை ஆபத்தில் விடக்கூடும். ஐந்தாண்டுக்கு முப்பது மணிநேரத் தொடர்கல்வியை இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை வலியுறுத்தியதன் பொருள் இதுவே.

அறிவைப் பெருக்குமாறு இறைவனிடம் வேண்டும்படி நபி (ஸல்) அவர்களுக்கே குர்ஆன் (20:114) கற்பிக்கிறது. அவ்வாறிருக்க, எந்த மருத்துவர், எந்த ஆலிம், ‘கற்றது போதும்’ என்று சொல்ல முடியும்? அர்ராஸீயின் பெயரைப் போற்றுவது எளிது. முன்னோர் கூற்றுக்கு அருகே தம் அனுபவத்தை எழுதி ஒப்புநோக்கிய அவருடைய பழக்கத்தைக் கைக்கொள்வதே அவருக்கு நாம் செலுத்தும் உண்மையான மரியாதை.