கலப்பு மிதிவண்டி: உத்திரமேரூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாறு

தார்ச்சாலையில் விரைவாகவும் மண்பாதையில் தடுமாறாமலும் ஓடும்படி அமைக்கப்பட்ட மிதிவண்டி, கலப்பு மிதிவண்டி எனப்படுகிறது. கடைகளில் இதன் பெயர் ஹைபிரிட் சைக்கிள். பந்தய மிதிவண்டியின் பெரிய சக்கரத்தையும் மலை மிதிவண்டியின் நேரான கைப்பிடியையும் பல கியர்களையும் சேர்த்து, 1980களின் பிற்பகுதியில் மேலைநாடுகளில் உருவான வகை இது. ஆனால் எந்தத் தேவைக்காக இவ்வண்டி பிறந்ததோ அந்தத் தேவை தமிழகத்தின் ஊர்ப்புறங்களுக்குப் புதிதன்று. காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இத்தகைய வழிகளுக்கு ஏற்ற மிதிவண்டி எது என்ற கேள்விக்கு வெவ்வேறு காலங்களில் கிடைத்த விடைகளை இக்கட்டுரை தொகுத்துக் காண்கிறது.

நிலமும் வழியும்

குடவோலை முறையை விவரிக்கும் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளால் (கி.பி. 919, 921) உத்திரமேரூர் புகழ்பெற்றது. அக்கல்வெட்டுகளில் தோட்ட வாரியம், பொன் வாரியம் ஆகியவற்றோடு ஏரி வாரியமும் இடம்பெறுகிறது. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஒரு தனி வாரியம் தேவைப்பட்டது என்பதே இந்நிலத்தின் இயல்பைச் சொல்லிவிடும். இன்றும் இது ஏரிப்பாசனத்தை நம்பி நெல் விளையும் பகுதி. பாலாறும் செய்யாறும் அருகில் ஓடுகின்றன. இரண்டும் வேகவதியுடன் கூடும் இடமே திருமுக்கூடல்.

உத்திரமேரூர் நகருக்குத் தொடர்வண்டிப் பாதை கிடையாது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, மதுராந்தகம் ஆகிய ஊர்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25 முதல் 30 கி.மீ. தொலைவில் உள்ளன. பேருந்து செல்லும் நெடுஞ்சாலையிலிருந்து சிற்றூர்களுக்குக் கிளைச்சாலைகள் பிரிகின்றன. கிளைச்சாலை முடியும் இடத்தில் ஏரிக்கரை, வாய்க்கால் கரை, வண்டிப்பாதை, வரப்பு ஆகியன தொடங்குகின்றன. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டமும் மாநிலத் திட்டங்களும் பல கிளைச்சாலைகளைத் தார்ச்சாலைகளாக மாற்றின. எனினும் வயலுக்கும் கழனி மோட்டாருக்கும் போகும் வழி மண்ணாகவே இருக்கிறது. ஒரே பயணத்தில் தாரும் சரளையும் களிமண்ணும் மாறிமாறி வருவதே இங்கு வழக்கம்.

பெரிய சைக்கிளின் காலம்

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885இல் வெளியிட்ட ரோவர் மிதிவண்டியில் இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தன. பின்சக்கரத்தைச் சங்கிலி இயக்கியது. 1888இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கினார். இவ்விரண்டிலிருந்தும் வளர்ந்ததே ரோட்ஸ்டர் எனப்படும் வகை. தமிழகத்தில் இதைப் பெரிய சைக்கிள் என்றே சொல்வர்.

தொடக்கத்தில் இந்தியாவில் ஓடியவை பெரும்பாலும் ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. முதலிய இறக்குமதி வண்டிகள். 1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் இணைந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. சென்னையை அடுத்த அம்பத்தூரில் அமைந்த அதன் தொழிற்சாலையிலிருந்து ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. பெயர்களில் வண்டிகள் வெளிவந்தன. வட இந்தியாவில் சோனிப்பட்டின் அட்லஸ், லூதியானாவின் ஹீரோ ஆகிய நிறுவனங்கள் 1950களில் வளர்ந்தன.

பெரிய சைக்கிளின் அமைப்பைக் கூர்ந்து பார்த்தால் அது கரடுமுரடான பாதையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்பது விளங்கும். முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க் நன்கு சாய்ந்து முன்னோக்கி வளைந்திருக்கும். இரு சக்கரங்களுக்கும் இடைவெளி அதிகம். இதனால் குழியில் இறங்கும்போது அதிர்ச்சி குறைந்து, கைப்பிடி வெட்டாமல் இருக்கும். சங்கிலியைச் சுற்றிய முழு உறை மண்ணும் நீரும் புகாமல் காத்தது. வேட்டியும் சேலையும் சிக்காமலும் காத்தது. கேரியரில் நெல் மூட்டை, புல்லுக்கட்டு, பால் கேன் என எதையும் ஏற்றலாம். எஃகுச் சட்டம் உடைந்தால் ஊரிலுள்ள பற்றவைப்புப் பட்டறையிலேயே ஒட்டிவிடலாம்.

குறைகளும் இருந்தன. எடை ஏறத்தாழ 20 கிலோ. கம்பி பிரேக், எஃகு ரிம்மின் உட்பக்கத்தைப் பிடிக்கும் அமைப்பு என்பதால் மழையில் நனைந்தால் பிடிப்பு வெகுவாகக் குறையும். ஒரே கியர் என்பதால் எதிர்காற்றில் பாரம் ஏற்றிச் செல்வது கடினம். பெரியவர்களுக்கான சட்ட அளவே பரவலாக இருந்ததால் சிறுவர்கள் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டே ஓட்டக் கற்றார்கள். சொந்த வண்டி இல்லாதோருக்கு மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் கிடைத்தது.

பெண்கள் செய்த தேர்வு

மிதிவண்டித் தேர்வு என்பது பாதையை மட்டும் பொறுத்ததன்று என்பதற்குப் புதுக்கோட்டை சான்று. 1991இல் அங்கு அறிவொளி இயக்கம் எழுத்தறிவுப் பணியோடு பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டும் பயிற்சியையும் இணைத்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் இதற்கு முன்னின்றார். கல் உடைப்போர், விவசாயக் கூலிகள், ஊர்ப்புறச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர்கள் எனப் பலரும் ஓட்டக் கற்றனர். 1992ஆம் ஆண்டின் அனைத்துலக மகளிர் நாளில் சுமார் 1,500 பெண்கள் மிதிவண்டியில் புதுக்கோட்டை நகரை வலம் வந்தனர்.

இவ்வியக்கத்தைப் பதிவு செய்த பத்திரிகையாளர் பி. சாய்நாத், ஒரு செய்தியைக் குறிப்பிடுகிறார். மகளிர் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது பெண்கள் ஆண்கள் சைக்கிளை ஓட்டத் தொடங்கினர். சிலர் அதையே விரும்பவும் செய்தனர். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையிலுள்ள பாரில் குழந்தையை அமர்த்திக்கொள்ள முடிந்ததே காரணம். இன்ன சட்டம் இன்னாருக்கு என்று விற்பனையாளர் வகுத்த பிரிவைப் பயன்படுத்துவோரின் தேவை மீறிச் சென்றது.

பள்ளிக்குச் செல்லும் வழி

தமிழக அரசு 2001-02ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், பின்னர் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிந்தது. தொடக்கப்பள்ளி அருகிலேயே இருந்தாலும் மேல்நிலைப்பள்ளி சில கிலோமீட்டர் தள்ளி இருப்பது ஊர்ப்புறங்களின் இயல்பு. பேருந்து நேரம் பள்ளி நேரத்தோடு பொருந்தாத ஊர்களில் முதலில் படிப்பை விடுவது பெரும்பாலும் பெண் பிள்ளைகளே.

பீகாரில் 2006இல் தொடங்கிய இதுபோன்ற திட்டத்தைக் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்து 2017இல் முடிவுகளை வெளியிட்டனர். உரிய வயதில் உயர்நிலைப்பள்ளியில் சேரும் மாணவியர் விகிதம் 32 விழுக்காடு உயர்ந்ததாக அவர்கள் கண்டறிந்தனர். பள்ளி 3 கி.மீ. அல்லது அதற்கு மேல் தொலைவிலிருந்த ஊர்களில் இப்பயன் அதிகமாகத் தென்பட்டது. ஆகவே வண்டி நின்றுபோவதும் ஓடுவதும் ஒரு மாணவியின் படிப்பைத் தொடும் செய்தி. பஞ்சர் ஒட்டவும் உதிரிபாகம் வாங்கவும் பக்கத்திலேயே இடம் இருப்பது, வண்டியின் வேகத்தைவிட இங்கு முக்கியமாகிறது.

மலையிலிருந்து வந்த வண்டி

1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் மரின் பகுதியில் இளைஞர்கள் சிலர் 1930கள், 40களின் பழைய பருமனான டயர் வண்டிகளை மலைப்பாதைகளில் இறக்கிவிட்டு ஓட்டினர். 1976 முதல் ரீபேக் என்னும் இறக்கப் போட்டியும் நடந்தது. இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கர பிரேக் சூடேறி உள்ளிருக்கும் கிரீஸ் எரிந்துவிடும். மறுபடியும் கிரீஸ் அடைக்க வேண்டும். போட்டியின் பெயரே அதிலிருந்து வந்தது. 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் மூலம் மலை மிதிவண்டி பெருந்தொகையில் உற்பத்திக்கு வந்தது.

மலை மிதிவண்டியை வாங்கியவர்களில் பலர் மலைக்குச் செல்லவில்லை. நகரச் சாலையிலேயே ஓட்டினர். முரட்டு டயர் தார்ச்சாலையில் இழுத்துப்பிடித்தது. எனவே அதன் உறுதியான அமைப்பில் பெரிய சக்கரத்தையும் ஒடுங்கிய டயரையும் பொருத்தினர். கலப்பு மிதிவண்டி பிறந்த கதை இதுவே. இந்தியச் சந்தையில் இவ்வகை 2010களில் பரவலானது. டி.ஐ. சைக்கிள்ஸின் மோன்ட்ரா வண்டிகளும் இக்காலத்தில் வந்தவை.

அளவுகள் சொல்லும் செய்தி

பெரிய சைக்கிளின் டயரில் 28 x 1½ என்று எழுதியிருக்கும். ரிம்மில் டயர் அமரும் விட்டம் 635 மி.மீ.; டயரின் அகலம் சுமார் 38 மி.மீ. எனவே சக்கரத்தின் மொத்த விட்டம் ஏறத்தாழ 71 செ.மீ. கலப்பு மிதிவண்டியில் 700 x 38சி என்றிருந்தால் ரிம்மின் விட்டம் 622 மி.மீ., அகலம் அதே 38 மி.மீ.; மொத்த விட்டம் ஏறத்தாழ 70 செ.மீ. அரை நூற்றாண்டுக்கு மேல் ஊர்ப்புறச் சாலைகளில் ஓடிய சக்கரமும், நவீன ஆய்வுகளுக்குப் பின் வந்த சக்கரமும் அளவில் ஏறக்குறைய ஒன்றே. பெரிய சக்கரம் குழியில் ஆழமாக இறங்காது, 38 மி.மீ. டயர் தாரில் அதிகம் இழுக்காது, மண்ணில் எளிதில் புதையாது. ஒரே சிக்கலுக்கு இரு காலத்தவரும் ஒரே விடையைக் கண்டிருக்கிறார்கள்.

ஆனால் ரிம்மில் உள்ள 13 மி.மீ. வேறுபாட்டால் ஒன்றின் டயர் மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஊர்க்கடையில் தொங்கும் 28 அங்குல டயரைக் கொண்டு கலப்பு மிதிவண்டியைச் சரிசெய்ய முடியாது.

இன்றைய தேர்வு

உத்திரமேரூர் போன்ற வட்டாரத்தில் கலப்பு மிதிவண்டி வாங்குவோர் கவனிக்க வேண்டியவற்றை மேற்கண்ட வரலாற்றிலிருந்தே வகுத்துக்கொள்ளலாம்.

டயர்: 35 முதல் 42 மி.மீ. அகலம் பொருத்தமானது. 28 மி.மீ. டயர் தாரில் விரையும்; சரளையில் வழுக்கும். ஏரிகளில் மண்டிக்கிடக்கும் சீமைக் கருவேல முள் டயரின் முதல் பகை. முள் துளைக்காத உள்பட்டை கொண்ட டயர் கூடுதல் விலைக்குத் தகும். மாற்று ட்யூப் ஒன்றும் கையிருப்பில் வேண்டும்.

மட்கார்டு இடைவெளி: வடகிழக்குப் பருவமழையில் களிமண் டயரோடு ஒட்டிக்கொண்டு மட்கார்டில் அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும். டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே ஒரு விரல் நுழையும் இடமாவது இருக்க வேண்டும்.

பிரேக்: ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக்கை எந்த மெக்கானிக்கும் சரிசெய்வார், ரப்பர் கட்டை எளிதில் கிடைக்கும். டிஸ்க் பிரேக் சேற்றிலும் பிடிக்கும். அதிலும் கேபிளால் இயங்குவதே ஊர்ப்புறத்துக்கு எளிது.

முன் சஸ்பென்ஷன்: விலை குறைந்த வண்டிகளில் இது எடையைக் கூட்டுவதோடு தூசி புகுந்து விரைவில் இறுகியும் விடுகிறது. இங்குள்ள வழிகளில் பெரிய பாறையோ மலை இறக்கமோ இல்லை. அகலமான டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து ஓட்டினாலே குலுக்கல் பெரிதும் அடங்கும்.

கியர்: நிலம் சமதளமாக இருப்பதால் 21 கியர்கள் அவசியமில்லை, ஏழெட்டு போதும். கியர் மாற்றும் பகுதி பின்சக்கரத்தின் அருகே தாழ்வாகத் தொங்குவதால் வரப்பிலும் புதரிலும் அடிபடும். நாள்தோறும் குறைந்த தூரம் செல்வோருக்கு ஒரே கியர் வண்டியே தொல்லையற்றது.

கேரியர்: பின்சட்டத்தில் கேரியரும் ஸ்டாண்டும் பொருத்தத் துளைகள் உள்ளனவா என்று வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். பல கலப்பு மிதிவண்டிகள் இவை இல்லாமலேயே விற்கப்படுகின்றன. பள்ளிப் பையும் காய்கறிக் கூடையும் ஏற்ற முடியாத வண்டி ஊர்ப்புறத்தில் பாதி வண்டிதான்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, தம் அன்றாடப் பயணத்தில் தார் எவ்வளவு, மண் எவ்வளவு என்று கணக்கிட்டுக்கொள்வது நல்லது. தொலைவின் பெரும்பகுதி தார் என்றால் கலப்பு மிதிவண்டி ஏற்றது. வயலுக்கும் வீட்டுக்கும் இடையே பாரம் சுமப்பதே முதன்மை வேலை என்றால் பெரிய சைக்கிளுக்கு இன்னும் ஈடில்லை. காஞ்சிபுரம் வரை சென்று உதிரிபாகம் வாங்கவும் பழுதுபார்க்கவும் இயலாத குடும்பத்துக்கு, ஊர்க்கடையில் கிடைக்கும் டயர் பொருந்துகிற வண்டியே நல்ல வண்டி.

முடிவுரை

மொபெட்டும் மோட்டார் சைக்கிளும் வந்தபின் வாடகை சைக்கிள் கடைகள் மறைந்தன. பஞ்சர் கடைகள் மோட்டார் வண்டிகளை நம்பி நிற்கின்றன. ஓட்டுநர் உரிமம் பெறும் வயது வராத மாணவருக்கும், எரிபொருள் செலவைத் தாங்க இயலாத கூலித் தொழிலாளிக்கும் மட்டும் மிதிவண்டி இன்றும் விருப்பத்துக்குரிய பொருளாக அல்லாமல் தேவையாகவே தொடர்கிறது. கலப்பு மிதிவண்டி அவர்களுக்கும் உரியதாக வேண்டுமானால், அதன் 700சி டயரும் ட்யூபும் வட்டத் தலைநகரின் கடைகளிலாவது கிடைக்க வேண்டும். பெரிய சைக்கிள் ஊர்ப்புறத்தில் நிலைத்ததற்கு அதன் உறுதியோடு, அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவர் ஊருக்கு ஊர் இருந்ததும் காரணம்.