வீட்டுத் தமிழும் பள்ளிக் கன்னடமும்

"குழந்தை தமிழ் நன்றாகப் பேசுவான், எழுதப் படிக்கத்தான் வராது." வெளி மாநிலங்களில் வசிக்கும் நம்மவர் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. பழைய மைசூர் ராஜ்யத்தில் நம்மவர் பல தலைமுறைகளாகப் பார்த்த விஷயம்தான்.

மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் 1891-ல் கோலார் ஜில்லாவில் பிறந்தார். வீட்டில் பேச்சு தமிழ், பள்ளியில் எழுத்து கன்னடம். 1914-ல் சென்னை சர்வகலாசாலையில் ஆங்கில எம்.ஏ. தேறி, மைசூர் அரசில் பெரிய உத்தியோகம் பார்த்தார். ஆனாலும் எழுத உட்கார்ந்தபோது வந்தது, சிறு வயதில் பாடமாகப் படித்த கன்னடம்தான். 'சிக்கவீர ராஜேந்திர' நாவலுக்கு 1983-ஆம் ஆண்டின் ஞானபீட விருது கிடைத்தது. கன்னடியர்கள் அவரைக் 'கன்னடத்தின் ஆஸ்தி' என்றே கொண்டாடினார்கள்.

பு.தி. நரசிம்மாசாரும் அப்படியே. 1905-ல் மேல்கோட்டையில் பிறந்தவர். திவ்யப் பிரபந்தம் ஒலிக்கும் ஊர் அது. காதில் விழுந்தது ஆழ்வார்களின் தமிழ். 'கோகுல நிர்கமன' என்னும் இசை நாடகம் பிறந்ததோ கன்னடத்தில். ஜி.பி. ராஜரத்னம் இன்னும் ஒரு படி மேல். கன்னடக் குழந்தைகள் இன்றும் பாடும் நாய்க்குட்டிப் பாட்டு, தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்த அவர் எழுதியது!

தாய்மொழி ரத்தத்தில் ஊறியது, தானே வந்துவிடும் என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். பேச்சுக்கு அது சரி. எழுத்துக்கு, பத்து வயதுக்குள் செய்யுள்களை உருப்போட்ட மொழிதான் கை கொடுக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஏ.கே. ராமானுஜன் 1929-ல் மைசூரில் பிறந்தார். தகப்பனார் கணிதப் பேராசிரியர். மாடியில் தகப்பனாருடன் ஆங்கிலம், கீழே தாயாருடன் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். பழந்தமிழை அவர் படித்ததே இல்லை. 1962-ல் சிகாகோ சர்வகலாசாலைக்குப் போன புதிதில், ஒரு சனிக்கிழமை, பழந்தமிழ் இலக்கணம் ஏதாவது கிடைக்குமா என்று நூலகத்தின் நிலவறையில் தேடினார். கையில் அகப்பட்டது உ.வே. சாமிநாதையரின் 1937-ஆம் வருஷத்துக் குறுந்தொகைப் பதிப்பு. தம் சொந்தச் சொத்தைப் பற்றித் தமக்கே தெரியாமல் இருந்ததை எண்ணி வியந்ததாகப் பிற்காலத்தில் எழுதினார். முப்பத்துமூன்று வயதில், கடல் கடந்து போய், அரிச்சுவடியிலிருந்து தொடங்குவதுபோல் அதைப் படித்தார்.

அந்தப் படிப்பின் பலனாக 1967-ல் குறுந்தொகைப் பாடல்கள் ஆங்கிலத்தில் வெளிவந்தன. 1981-ல் நம்மாழ்வாரும் வந்தார். உலகில் பலருக்குச் சங்கப் பாடல் அறிமுகமானது அவர் மூலம்தான். அம்மாவிடம் பேசிய தமிழ் காதில் இருந்ததால்தான் இவ்வளவும் கூடியது என்று நினைக்கிறேன். ஆனால் தம் சொந்தக் கவிதைகளை அவர் வெளியிட்டது ஆங்கிலத்திலும் கன்னடத்திலும்தான்.