மஞ்சாப் பாட்டும் ஒலிமானியின் முள்ளும்



புத்தளம் நகருக்கு அணித்தாயுள்ள சிரம்பியடி என்னும் சிற்றூரில் ஆபிரிக்க மரபினர் சிலர் வாழ்ந்து வருகின்றனர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரித்தானியரும் அடிமைகளாகவும் போர்வீரர்களாகவும் இலங்கைக்குக் கொணர்ந்தோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். இன்று அவர்தம் வீடுகளிற் பெரும்பாலும் வழங்குவது சிங்களமே. முன்னோர் பேசிய போர்த்துக்கேயக் கலப்புமொழி, 'மஞ்சா' எனப்படும் பாடல்களிலேயே எஞ்சி நிற்கின்றது. எனவே, அப்பாடல்களை ஒலிப்பதிவு செய்தல் பழஞ்சுவடியைப் படியெடுத்தலை ஒக்கும். எழுத்துச் சிதைந்தால் பொருளும் சிதையும்.

இப்பணியில் ஓர் இடர் உண்டு. மஞ்சா மெல்லத் தொடங்கி, படிப்படியாக விரைந்து, ஆரவாரத்தில் முடிவது. மேளத்தோடு சிரட்டைகளும் கரண்டிகளும் போத்தல்களும் தாளமாகின்றன. ஒருவர் குரலோடு ஒத்த வலிமையுடைய ஒன்பது குரல்கள் சேருமாயின், ஒலியளவு 10 டெசிபல் உயரும். தொடக்கத்தின் மென்மையைக் கேட்டு அளவை அமைத்தால், முடிவில் ஒலி பிளந்து சொற்கள் கரகரப்பில் மறையும். அஞ்சி மிகக் குறைத்தாலோ, கருவியின் இரைச்சல் மெல்லிய குரலை விழுங்கும்.

இவ்விரு கேடுகளுக்கும் நடுவே வழிகாண்பதே ஒலிப்பதிவுக் கலையின் வரலாறு எனலாம். டென்மார்க்கு நாட்டுப் பவுல்சன் 1898-இல் ஒலியைக் காந்தக் கம்பியிற் பதிக்கும் முறையைக் கண்டார். 1935-இல் செருமானியர் காந்த நாடாப் பொறியை மக்கள் முன் வைத்தனர். அளவைக் கண்ணாற் காண, 1939-இல் அமெரிக்க வானொலி நிறுவனங்களும் பெல் ஆய்வுக்கூடமும் ஒரு பொதுவான ஒலிமானியை வகுத்தன. அதன் முள் முழு நிலையை எட்ட ஏறத்தாழ 0.3 வினாடி வேண்டும். சிரட்டையின் தட்டொலியோ அதற்குள் எழுந்து அடங்கிவிடும். முள் அதனை முழுமையாகக் காட்டுவதில்லை. ஒலியின் உச்சங்களை விரைந்து காட்டும் மானியைப் பிரித்தானிய ஒலிபரப்பாளர் கையாண்டனர்.

நாடா, அளவு மிஞ்சினாலும் சிறிது சிறிதாகவே தளரும். இன்றைய எண்முறைப் பதிவில் அந்தப் பொறுமை இல்லை. பூச்சிய டெசிபல் என்னும் உச்சவரம்பைத் தாண்டிய அலையின் முடி அறுந்துபோகும். ஆனால் 24 துணுக்குப் பதிவின் கோட்பாட்டு வீச்சு ஏறத்தாழ 144 டெசிபல். ஆதலால் வரம்பின்கீழ் 12 டெசிபல் இடம் விட்டாலும் இழப்பென ஒன்றுமில்லை.

எனவே பதிவாளர் செய்யத்தக்கது யாது? பாடலின் இறுதிப்பகுதியை முதலில் முழு வேகத்துடன் பாடச் செய்து, அதற்கே அளவை அமைத்தல் வேண்டும். சிரட்டை தட்டுவோரைச் சற்று விலக்கி, பாடுவோரை ஒலிவாங்கிக்கு அருகே நிறுத்துதல் நலம். பதிவு தொடங்கியபின் கைப்பிடியைத் திருகலாகாது. திருகினால் மஞ்சாவின் உயிரான ஏற்றமே தட்டையாகிவிடும். மெல்லிதாய்ப் பதிந்ததைப் பின்னர் உயர்த்திக்கொள்ளலாம்; பிளந்துபோன சொல்லை மீட்பது அரிது. அச்சொல்லை அறிந்து பாடுவோர் அருகிவரும் நாளில், அவ்விழப்பு ஒரு நாடாவின் இழப்பளவில் நின்றுவிடுவதன்று.