விளையாட்டு வினையாகும் வரலாறு: யாழ்ப்பாணக் குடாநாட்டு அனுபவம் பற்றிச் சில சிந்தனைகள்

கல்வி, மருத்துவம், தொழிற்பயிற்சி ஆகிய துறைகளிற் கணினி விளையாட்டுக்களைக் கருவியாகக் கொள்ளலாம் என்னும் கருத்து இன்று உலகெங்கும் வலுப்பெற்று வருகின்றது. பொழுதுபோக்கினை அன்றிக் கற்பித்தலையே முதல் நோக்கமாகக் கொண்ட விளையாட்டுக்களைத் தனியொரு வகையாகக் கொண்டு, அமெரிக்க ஆய்வாளர் கிளாக் ஆப்ற் 1970 இல் நூலொன்று வெளியிட்டார். இக்கருத்து நமக்கு முற்றிலும் புதியதன்று. 'விளையாட்டு வினையாகும்' என்பது நமது வழக்கு. வினை என்னும் சொல் தீங்கையும் குறிக்கும்; தொழிலையும் குறிக்கும். இவ்விரு பொருளிலும் விளையாட்டு வினையான வரலாறு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு உண்டு. அவ்வரலாற்றின் ஒளியிற் புதிய கருவியை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

விளையாட்டைப் பயிற்சிக் கருவியாக்கிய முதன்மையான சக்திகளுள் ஒன்று போர் என்பது மனங்கொள்ளத்தக்கது. சதுரங்கம் என்னும் பெயரே நால்வகைப் படையைச் சுட்டுவது. 1824 இல் பிரஷிய இராணுவத் தலைமை, வரைபடத்தின் மீது ஆடப்படும் போர் விளையாட்டொன்றை அதிகாரிகளின் பயிற்சிக்கு ஏற்றுக்கொண்டது. கணினி விளையாட்டின் ஆரம்ப முயற்சிகளுள் ஒன்றாகிய 'ஸ்பேஸ்வார்' 1962 இல் மசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவாயிற்று. அதன் பொருளும் இரு விண்கலங்களின் சண்டையே. 2002 இல் அமெரிக்க இராணுவம் இளைஞரைப் படைக்கு ஈர்க்கும் நோக்குடன் தானே ஒரு கணினி விளையாட்டை வெளியிட்டது. படைப்பயிற்சித் தேவையையொட்டி உருவான 'புல் ஸ்பெக்ட்ரம் வாரியர்' என்னும் விளையாட்டின் கூறுகள், ஈராக்கிலிருந்து மனவடுவுடன் மீண்ட படையினருக்குச் சிகிச்சையளிக்கும் மெய்நிகர்க் காட்சிகளாகப் பின்னர் மாற்றப்பட்டன. போரிடப் பழக்கிய கருவியே போரின் புண்ணை ஆற்றவும் அழைக்கப்பட்டமை இத்துறையின் உள்முரண்பாட்டைத் துலக்கமாகக் காட்டுகின்றது.

மற்றொரு மரபும் உண்டு. 1971 இல் மினியாபொலிஸ் நகரில் ஆசிரியப் பயிற்சி பெற்ற மூவர், வரலாற்றுப் பாடத்துக்கென 'ஒறிகன் ற்றெயில்' என்னும் விளையாட்டை ஆக்கினர். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் இளையோருக்கென ஆக்கப்பட்ட 'ரீமிஷன்' விளையாட்டு 34 மருத்துவ நிலையங்களில் 375 நோயாளரிடையே பரிசோதிக்கப்பட்டு, மருந்தை ஒழுங்காக உட்கொள்ளும் பழக்கத்தை அது மேம்படுத்தியதென 2008 இல் அறிக்கையிடப்பட்டது. கவனக்குறைபாடுடைய 8 முதல் 12 வயது வரையான சிறுவருக்கு மருத்துவர் பரிந்துரைக்கத்தக்க விளையாட்டொன்றை 2020 இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் அனுமதித்தது. எனவே, இத்துறையை வெறும் வணிக ஆரவாரம் என ஒதுக்கிவிடுதல் பொருந்தாது.

2

குடாநாட்டின் மரபுவழி விளையாட்டுக்களான கிளித்தட்டு, கிட்டியடித்தல், போர்த்தேங்காய், கொக்கான் முதலியன கூட்டுவாழ்வின் விளைபொருள்களாகும். கிளித்தட்டிற் கோடு கீறுவோரும் விதி வகுப்போரும் ஆடுவோரே; பிணக்கு நேரின் தீர்ப்போரும் அவரே. ஒழுங்கு, விரைவு, கூட்டுணர்வு ஆகியவற்றை அது போதனையின்றியே பயிற்றியது. எனினும், இம்மரபைப் பொற்காலமாகப் போற்றுதல் வரலாற்று நோக்காகாது. சாதியால் வகுக்கப்பட்ட குறிச்சிகளில் யார் யாருடன் ஆடலாம் என்பது பிறப்பினாலே தீர்மானிக்கப்பட்டது. பூப்பெய்திய பெண்ணுக்கு வெளிமுற்றம் மூடப்பட்டு, திண்ணையும் கொக்கானுமே எஞ்சின.

மிசன் பாடசாலைகள் கிறிக்கெற் முதலிய விளையாட்டுக்களை ஒழுக்கப் பயிற்சியாகப் புகுத்தின. 1904 இல் தொடங்கிய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி, சென். ஜோன்ஸ் கல்லூரி ஆகியவற்றிடையேயான போட்டி 'வடக்கின் பெருஞ்சமர்' என வழங்குவது கருதத்தக்கது. ஆயினும் உத்தியோகத்தையே இலக்காகக் கொண்ட மத்தியதர வர்க்கம், பரீட்சையே கல்வி என்னும் மனப்பாங்கை வளர்த்தது. 'விளையாட்டுப் பிள்ளை' என்பது வசைச்சொல்லாயிற்று.

இப்பகைப்புலத்திலேதான் 1978 இல் குழந்தை ம. சண்முகலிங்கம் தொடக்கிய நாடக அரங்கக் கல்லூரியின் முக்கியத்துவம் புலனாகின்றது. நடிகரைப் பயிற்றுவதற்கு அரங்க விளையாட்டுக்கள் பயன்பட்டன. 'கூடி விளையாடு பாப்பா' போன்ற சிறுவர் நாடகங்கள் பாடசாலைப் பிள்ளைகளை மேடைக்கு அழைத்தன. ஆடிக் கற்றல் என்னும் கொள்கை குடாநாட்டிற் கணினியின் துணையின்றியே நடைமுறைக்கு வந்தது.

3

1990 இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரம் இழந்தது. உலகின் பிற பாகங்களிற் சிறுவர் வீடியோ விளையாட்டில் மூழ்கியிருந்த அக்காலத்தில், இங்கு சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர், குப்பிவிளக்கிற் படித்தனர். சிறுவர் தடிகளைத் துப்பாக்கிகளாக ஏந்திப் போர் விளையாடினர். விளையாட்டு சமூக யதார்த்தத்தின் பிரதிபலிப்பு என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் ஒரேயடியாக இடம்பெயர்ந்தபோது அவ்விளையாட்டு முற்றங்களும் வெறிதாயின.

இக்காலப்பகுதியில் அரங்கு ஓர் ஆற்றுகைக் கருவியாயிற்று. சண்முகலிங்கத்தின் 'அன்னை இட்ட தீ' (1991) போர் விளைத்த மனவடுவையே பொருளாகக் கொண்டது. க. சிதம்பரநாதனின் அரங்கச் செயற்பாடுகள் பார்வையாளரைப் பங்காளராக்க முயன்றன. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் வடு தனிமனிதருக்கு மட்டுமன்றிக் குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் உரியது என வலியுறுத்தினார். மட்டக்களப்பில் 1996 இல் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, விளையாட்டும் கலையும் வழியாகச் சிறுவரின் துயராற்றும் முயற்சியாகும். 2002 போர்நிறுத்தத்தின் பின் கண்ணிவெடி அபாயக் கல்விக்கு வீதி நாடகம் பயன்பட்டது. கம்போடியச் சிறுவருக்கு இதே படிப்பினையை ஊட்டக் கணினி விளையாட்டொன்றை மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஆக்கினர் என்பது ஒப்புநோக்கத்தக்கது.

4

இத்தகைய முயற்சிகள் பயன்தந்தனவா? உணர்ச்சிவயப்பட்ட விடை போதாது. வட இலங்கையிற் போர் முற்றுப்பெறாத காலத்தில் 12 பாடசாலைகளைச் சேர்ந்த 399 மாணவரிடையே நடத்தப்பட்டு, 2012 இல் வெளியான ஆய்வொன்று இங்கு பெரிதும் பயனுடையது. விளையாட்டு, நாடகம் முதலிய ஆக்கச் செயற்பாடுகளையும் உளச்சிகிச்சை முறைகளையும் இணைத்த 15 வகுப்பறை அமர்வுகளை அது பரிசோதித்தது. நடத்தைச் சீர்கேடுகள் குறைந்தன. ஆயின், மனவடு, மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றிற் பொதுவான முன்னேற்றம் காணப்படவில்லை. போரின் அன்றாட நெருக்குதல் குறைவாக இருந்த பிள்ளைகளுக்கே மனவடுவிலும் பதற்றத்திலும் கூடிய பயன் கிட்டியது. பெண்பிள்ளைகளின் மனவடு அறிகுறிகளைப் பொறுத்தவரை விளைவு பாதகமாகவும் இருந்தது.

இம்முடிவின் உட்பொருள் ஆழமானது. ஒரு பிள்ளை ஒரு மணி நேரம் ஆடிவிட்டு மீண்டும் செல்லும் வீதியிற் சோதனைச்சாவடியும் வீட்டில் இழப்பும் காத்திருக்குமாயின், ஆட்டம் அவற்றை வெல்லாது. நன்மை செய்யும் எனக் கருதப்படும் விளையாட்டும் தீங்கு செய்யலாம். ஆதலால் மருந்தைப் போல அதுவும் பரிசோதிக்கப்படல் வேண்டும். ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் சமூகம் வெவ்வேறு உலகங்களை அளித்திருக்கையில், ஒரே ஆட்டம் இருவருக்கும் ஒன்றாக அமையும் எனக் கொள்ளுதல் பேதைமையாகும்.

5

இன்று குடாநாட்டுச் சிறுவரின் கையிற் கைத்தொலைபேசி உள்ளது. கல்விக்கும் உளநலத்துக்கும் என ஆக்கப்பட்ட விளையாட்டுக்கள் அதன் வழியே எளிதில் வந்துசேரும். அவற்றை மறுக்கவேண்டியதில்லை, மூன்று வினாக்களை எழுப்பியே ஏற்கவேண்டும். விதியை வகுப்போர் யார்? கிளித்தட்டில் ஆடுவோர் விதியை மாற்றலாம். கணினி விளையாட்டின் விதியோ தொலைவிலுள்ள நிறுவனத்தின் உடைமை. எம்மொழியில் அமைந்தது? 1847 இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து நூல்களும் ஆக்கினார். அன்று இயன்றது இன்று இயலாது என்பதற்கு நியாயமில்லை. எதற்குப் பதிலாக வருகின்றது? ஆசிரியர், உளவளத்துணையாளர், விளையாட்டு முற்றம் ஆகியவற்றுக்குச் செலவிடவேண்டிய பொறுப்பைத் தட்டிக்கழிக்க அது சாட்டாகக்கூடாது.

குடாநாட்டின் அனுபவம் இவ்வினாக்களுக்கு ஓரளவு வழிகாட்டும். மின்சாரமற்ற காலத்தில் விளையாட்டு மக்களுக்குப் பயன்பட்டமைக்குக் காரணம் கருவியன்று. ஆடுவோர் ஒருவரையொருவர் கண்டு, கேட்டு, தம் கதையைத் தாமே மாற்றியமைக்க இடமிருந்தமையே. அவ்விடத்தைப் பேணும் கருவி வரவேற்கத்தக்கது. அதனைப் பறிக்கும் கருவி எத்துணை நவீனமாயினும், பழமொழி எச்சரித்த முதற்பொருளிலேயே வினையாகும்.