படமும் பாடமே

சிறுவர் நூலைத் தேர்ந்தெடுப்போர் எழுத்தைப் படித்துப் பார்க்கின்றனர். படத்தைப் புரட்டிவிட்டுக் கடக்கின்றனர். வங்காளத்தின் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி அவ்வாறு கடந்தவரல்லர்.

சிறுவர்க்கென எழுதிய இராமாயண நூலுக்கு அவரே படங்கள் வரைந்தார். மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டபோது அவற்றின் நுண்கோடுகள் சிதைந்தன. குறையை அச்சகத்தார்மேல் ஏற்றிவிட்டு அவர் அமையவில்லை. இங்கிலாந்திலிருந்து கருவிகளை வரவழைத்து, 1895இல் கல்கத்தாவில் சொந்தத் தொழிலகம் அமைத்தார். ஒளியையும் நிழலையும் சிறு புள்ளிகளாகப் பிரித்து அச்சிடும் ஹாஃப்டோன் முறையில் அவர் கண்ட முடிவுகள் இலண்டனின் பென்ரோஸ் ஆண்டிதழில் கட்டுரைகளாக வெளிவந்தன.

அந்த உழைப்பின் பயன் குழந்தைகளைச் சேர்ந்தது. 1913இல் அவர் தொடங்கிய 'சந்தேஷ்' இதழ் கதையோடு அறிவியலையும் படங்களுடன் தந்தது. வங்க மொழியில் அப்பெயருக்குச் செய்தி என்றும் இனிப்பு என்றும் இரு பொருள் உண்டு. 1915இல் அவர் மறைந்தபின் மகன் சுகுமார் ராய் இதழை நடத்தினார்.

என்றோ அழிந்துபோன விலங்கை நேரில் காண இயலாத சிறுமிக்கு அதன் படமே சான்று. சான்று பிழைபட்டால் அவள் கொள்ளும் அறிவும் பிழைபடும். ஆகவே ஒரு நூலை அவள் கையில் கொடுக்குமுன், எழுத்தைச் சோதிப்பதுபோலவே படத்தையும் சோதித்தல் வேண்டும்.